சிகாகோவில் நூறு வயதுக் கட்டடத்தில் காண்டோ வாங்குகிறவர்களுக்கு

நியூயார்க்கில் 'ப்ரீ-வார்' என்று சொல்லப்படும் வீடுகளைச் சிகாகோவில் 'வின்டேஜ்' என்பார்கள். லிங்கன் ஸ்கொயர், ரேவன்ஸ்வுட், ஆண்டர்சன்வில், எட்ஜ்வாட்டர், ராஜர்ஸ் பார்க் என நகரின் வடபகுதியில் மரநிழல் விழும் தெருக்களில் நடந்தால் மூன்று மாடிச் செங்கல் கட்டடங்கள் வரிசையாக வரும். மாடிக்கு ஒரு வீடு என்றால் 'த்ரீ-ஃப்ளாட்'. மாடிக்கு இரண்டு என்றால் 'சிக்ஸ்-ஃப்ளாட்'. நடுவில் புல்வெளி விட்டு மூன்று பக்கமும் சூழ்ந்து நின்றால் 'கோர்ட்யார்ட்' கட்டடம். டெவான் அவென்யூவுக்கு மளிகை வாங்கப் போகிறவர்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இவற்றைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலானவை 1900க்கும் 1930க்கும் இடையில் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டப்பட்டவை. இல்லினாய் மாநிலத்தின் காண்டோ சட்டம் 1963இல்தான் வந்தது. அதன் பிறகுதான் இவை தனித்தனி வீடுகளாகப் பிரித்து விற்கப்பட்டன.

விற்பனை விளம்பரத்தின் படங்களில் பாதிக்கு மேல் சமையலறையும் குளியலறையுமாகத்தான் இருக்கும். குவார்ட்ஸ் மேடை, வெள்ளை அலமாரி, பளபளக்கும் ஓக் தரை. இவையெல்லாம் நல்லவைதான். ஆனால் காண்டோ வாங்கும்போது நீங்கள் வாங்குவது இரண்டு பொருள்கள்: சுவருக்கு உள்ளே இருக்கும் வீடு ஒன்று; கூரை, வெளிச்சுவர், பாய்லர், பின்படிக்கட்டு, பொதுக் குழாய்கள் ஆகியவற்றில் ஒரு பங்கு இன்னொன்று. புதுப்பித்து விற்கிறவர் கைவைப்பது முதலாவதில். பெரிய பில் வருவது இரண்டாவதிலிருந்து. அதனால் வீடு பார்க்கப் போகும்போது கதவைத் திறந்து உள்ளே நுழைவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முன்குறிப்பு: 2024 ஆகஸ்ட் முதல், வாங்குபவருக்கான முகவர் உங்களுக்கு வீடு காட்டுவதற்கு முன்பே எழுத்து ஒப்பந்தம் கேட்பார். அதில் அவருடைய கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தம் என்ற இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். முதல் தடவையே ஆறு மாதத்துக்குக் கட்டிக்கொள்ளத் தேவையில்லை.

முதலில் தெருவிலிருந்தும் சந்திலிருந்தும்

இந்தக் கட்டடங்களின் முகப்பில் இருப்பது கெட்டியான, அழகான செங்கல். பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் இருப்பது 'சிகாகோ காமன்' எனப்படும் மென்மையான, நீரை உறிஞ்சும் செங்கல். சேதம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். ஆகவே இரண்டு கட்டடங்களுக்கு இடையிலுள்ள குறுகிய நடைபாதை வழியாகப் பின்சந்து வரை போய்ப் பாருங்கள். அந்த நடைபாதையை இங்கே 'கேங்வே' என்பார்கள்.

செங்கற்களுக்கு இடையிலுள்ள பூச்சைப் பாருங்கள். பழைய கட்டடங்களில் சுண்ணாம்புக் கலவைதான் இருந்தது. அது செங்கலைவிட மென்மையானது. ஈரம் அதன் வழியாக வெளியேறும். பிற்காலத்தில் யாராவது கெட்டி சிமென்ட் வைத்துப் பாயிண்டிங் செய்திருந்தால் ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, செங்கலின் முகம் தட்டுத்தட்டாக உரிந்துவிடும். கலவை வரி முழுசாக நிற்க, செங்கல் மட்டும் குழிந்திருந்தால் நடந்தது இதுதான். கலவை உதிர்ந்திருந்தால் புதிதாகப் பூசிச் சரிசெய்யலாம். செங்கலே போயிருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டும். செலவு அதற்கேற்ப ஏறும்.

அடுத்து ஜன்னல்களின் தலைப்பகுதி. அங்கே மேலுள்ள செங்கலைத் தாங்கும் இரும்புச் சட்டம் இருக்கும். அதுதான் 'லிண்டல்'. இரும்பு துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருக்கும். மேலேயுள்ள செங்கல் வரிசையை நெம்பித் தூக்கும். ஜன்னலின் மேல்மூலையிலிருந்து படிக்கட்டு வடிவில் விரிசல் ஓடினாலோ, லிண்டலுக்கு மேல் கிடைமட்டமாக வாய் பிளந்திருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். இப்படி எத்தனை ஜன்னல்கள் என்று எண்ணுங்கள். லிண்டல் மாற்றும் வேலைக்கு ஜன்னல் கணக்கில்தான் விலை சொல்வார்கள்.

கூரை தட்டையானது, அதைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர். மேல்மாடி வீட்டின் கூரையோரக் கசிவுகளில் பல, கூரைத் தாளில் தொடங்குவதில்லை. கைப்பிடிச் சுவரின் உச்சியில் மூடுகல் பெயர்ந்த இடத்தில் தொடங்குகின்றன. தார்த்தாள் கூரைக்கு 15 முதல் 20 ஆண்டு ஆயுள் என்று கணக்கு வையுங்கள். எந்த ஆண்டு போட்டது, பழையதை உரித்துப் போட்டதா, மேலேயே போட்டதா என்று கேளுங்கள். 80 அடிக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் வெளிச்சுவரை முறையாகப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும் என்று நகர விதி இருக்கிறது. மூன்று மாடிக் கட்டடங்கள் அந்த உயரத்தைத் தொடுவதில்லை. எனவே உரிமையாளர்கள் தாங்களாக ஆள் வைத்துப் பார்த்திருந்தால்தான் உண்டு.

பின்பக்க மரப் போர்ச் தனியாக நேரம் ஒதுக்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டாவது வெளியேறும் வழி அதுதான். கோடையில் ஆட்கள் கூடுவதும் அங்கேதான். 2003 ஜூன் 29 அன்று லிங்கன் பார்க்கில் ஒரு கட்டடத்தின் பின்போர்ச் விருந்தின்போது இடிந்து விழுந்து 13 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நகரம் கெடுபிடி காட்டத் தொடங்கியது. நீங்கள் பார்க்க வேண்டியவை: தூண்கள் ஆறுக்கு ஆறு அங்குலக் கட்டைகளா; உத்திரம் தூணின் மேல் உட்கார்ந்திருக்கிறதா அல்லது வெறும் ஆணியில் பக்கவாட்டில் தொங்குகிறதா; சுவரோடு சேரும் பலகை துளைத்துச் செல்லும் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறதா; கைப்பிடி 42 அங்குல உயரம் இருக்கிறதா. தூணின் அடிப்பகுதியை ஒரு ஸ்குரூட்ரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. ஆறு வீட்டுக் கட்டடத்தில் போர்ச் முழுவதையும் மாற்றுவது கூரை மாற்றுவதற்கு நிகரான செலவு, சில சமயம் அதைவிட அதிகம்.

மரங்கள். நீங்கள் இந்தப் பேட்டையைத் தேர்ந்தெடுக்க அவையும் ஒரு காரணம், சரியான காரணமும்கூட. ஆனால் இலையுதிர்காலத்தில் அந்த இலைகள் கூரையின் வடிகால் வாயை அடைக்கும். தேங்கிய நீர் தாளின் இணைப்பைத் தேடிப் போகும். வேர்கள் நிலத்தடியில் களிமண் சாக்கடைக் குழாயின் மூட்டுகளுக்குள் நுழையும். கட்டடத்திலிருந்து தெருவின் பொதுச் சாக்கடை வரையுள்ள குழாய் உரிமையாளர்கள் பொறுப்பு. சிகாகோவில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே சாக்கடையில்தான் போகின்றன. பெருமழையில் அது அடித்தளத்துக்குள் திரும்பி வரும். பாதி நிலத்தடியில் இருக்கும் 'கார்டன்' வீட்டை வாங்குகிறவர்கள் கழிவுநீர் திரும்பி வருவதைத் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று கேட்காமல் நகரக்கூடாது. சாக்கடைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதற்கான சில நூறு டாலர், இந்த வீடுகளில் வீண் செலவு ஆகாது. நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையில் நிற்கும் மரம் நகரத்துக்குச் சொந்தம். கிளை வெட்ட வேண்டுமானால் நகரச் சேவைகளுக்கான 311 என்ற தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்க வேண்டும். நீங்களாக ஆள் வைத்து வெட்டக்கூடாது.

உள்ளே போகும்போது கையில் இருக்க வேண்டியவை

ஒரு டார்ச், ஒரு சிறு காந்தம், ஒரு கோலிக்குண்டு, மூன்று விளக்கு எரியும் பிளக் சோதிப்பான். இவை போதும். உரிமம் பெற்ற பரிசோதகர் பிறகு வருவார். ஆனால் எந்த வீட்டுக்கு அவரை அழைப்பது என்று முடிவு செய்ய இவை உதவும்.

'முழுதும் புதுப்பிக்கப்பட்டது' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சுவரைச் செங்கல் வரை உரித்து, குழாய், மின்கம்பி எல்லாம் மாற்றியது ஒன்று. அலமாரியும் டைல்ஸும் மட்டும் மாற்றியது மற்றொன்று. விலை பேசும்போது இரண்டும் ஒன்றல்ல. எது என்று கண்டுபிடிக்கச் சிங்க்கின் அடியில் குனிந்து பாருங்கள். முன்னால் தெரிவது புதுக் குழாய்தான். சுவரிலிருந்து வெளியே வரும் துண்டைப் பாருங்கள். காந்தம் ஒட்டினால் அது கால்வனைஸ்டு இரும்பு. அந்தக் குழாய் உள்ளுக்குள் துருவேறி வருடாவருடம் குறுகும். செம்பென்றால் காந்தம் ஒட்டாது, நிறமே சொல்லிவிடும். இரும்பையும் செம்பையும் இரண்டும் தொடாமல் பிரிக்கும் தடுப்பு யூனியன் நடுவில் இல்லாமல் நேராக இணைத்திருந்தால், அந்த மூட்டுதான் முதலில் கசியும்.

பிறகு ஷவர், சமையலறைக் குழாய் இரண்டையும் திறந்துவிட்டு டாய்லெட்டை ஃப்ளஷ் செய்யுங்கள். ஷவரின் வேகம் லேசாகக் குறைவது இயல்பு. நூலாக இறங்கினால் சுவருக்குள் பழைய குழாய் இருக்கிறது. வெந்நீரில் மட்டும் வேகம் குறைவென்றால் வெந்நீர்க் குழாய் மாற்றப்படவில்லை என்று வையுங்கள். தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டு, பக்கத்துச் சிங்க்கில் 'களக் களக்' சத்தம் கேட்கிறதா கவனியுங்கள். கேட்டால் காற்றுக்குழாய் சரியாக இல்லை. சிங்க்கையோ டாய்லெட்டையோ பழைய இடத்திலிருந்து நகர்த்திய வீடுகளில் இது அடிக்கடி வரும். அதைவிடப் பெரிய கவலை, நகர்த்திய குழாய்க்கு வழி விடத் தரைக்கடியிலுள்ள மரச் சட்டங்களை எவ்வளவு வெட்டினார்கள் என்பது. சட்டத்தின் நடு மூன்றிலொரு பகுதியில் விளிம்பை வெட்டவே கூடாது; துளை, சட்டத்தின் ஆழத்தில் மூன்றிலொன்றைத் தாண்டக்கூடாது. குளியலறை வாசலில் குதிகாலை ஊன்றித் தட்டிப் பாருங்கள். தரை துள்ளினால் அந்த வேலைக்கு நகர அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள்.

தெருவிலிருந்து கட்டடத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் ஈயமாக இருக்க வாய்ப்பு அதிகம். சிகாகோவில் சிறிய கட்டடங்களுக்கு ஈயக் குழாய் போட வேண்டும் என்றே நகர விதி இருந்தது. 1986இல் மத்திய அரசு தடை செய்த பிறகுதான் நின்றது. அடித்தளத்தில் மீட்டருக்கு அருகே குழாயை நாணயத்தால் லேசாகச் சுரண்டுங்கள். வெள்ளியாக மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் ஈயம். குழந்தை இருக்கும் வீடு, அல்லது குழந்தை வரப்போகும் வீடு என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 311 வழியாக இலவசப் பரிசோதனைப் பெட்டி கேட்கலாம். குழாய் மாற்றும்வரை ஈயத்துக்குச் சான்று பெற்ற வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். அரிசி, பருப்பு வேக வைக்கும் தண்ணீரும் வடிகட்டியதாக இருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் ஈயம் போகாது.

மின்சாரத்தில் சிகாகோவுக்கு என்று ஒரு தனி விதி உண்டு. வாங்குபவருக்கு அது பெரிய உதவி. மற்ற ஊர்களில் வீட்டுக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் ஓடலாம். இங்கே கம்பிகள் உலோகக் குழாய்க்குள்தான் ஓட வேண்டும். அடித்தளக் கூரையிலோ அலமாரிக்குப் பின்னாலோ வெள்ளை, மஞ்சள் பிளாஸ்டிக் கேபிள் தென்பட்டால், அனுமதியில்லாமல் நடந்த வேலை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அங்கே ஒன்று இருந்தால் சுவருக்குள் இன்னும் இருக்கும். பிளக் சோதிப்பானில் 'சரி' என்று விளக்கு எரிவதை முழுதாக நம்பாதீர்கள். நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளே ஒட்டுக்கம்பியால் இணைத்திருந்தாலும் அது சரி என்றே காட்டும். சந்தேகம் வந்தால் பரிசோதகர் மூடியைக் கழற்றிப் பார்ப்பார். பிரேக்கர் பெட்டியில் 100 ஆம்பியர் இருக்கிறதா பாருங்கள். 60 ஆம்பியர் மட்டும் என்றால் ஏசியும் மின் டிரையரும் இண்டக்ஷன் அடுப்பும் சேர்ந்து ஓடாது. அதைக் கூட்ட, கட்டடத்துக்கே வரும் மின்னிணைப்பைப் பெரிதாக்க வேண்டி வரலாம். அதற்குச் சங்கத்தின், அதாவது கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த அமைப்பின், சம்மதம் வேண்டும்.

நடுச்சுவரை எடுத்துவிட்டுச் சமையலறையையும் ஹாலையும் ஒன்றாக்கிய வீடுகள் இப்போது அதிகம். 25 அடி அகல மனையில் நிற்கும் இந்தக் கட்டடங்களில் தரைச் சட்டங்கள் பெரும்பாலும் பக்கச் செங்கல் சுவரிலிருந்து நடுச்சுவர் வரை ஓடி, அதன் மேல் உட்காரும். அந்தச் சுவரை எடுத்தால் பதிலுக்கு உத்திரம் வேண்டும், உத்திரத்தைத் தாங்கத் தூண் வேண்டும், தூணின் பாரம் கீழ்வீடு வழியாக அடித்தளம் வரை இறங்க வேண்டும். கோலிக்குண்டு அதற்குத்தான். திறந்த ஹாலின் நடுவில் வையுங்கள். மெல்ல உருள்வது நூறு வயது வீட்டில் சகஜம். ஒரே இடத்தை நோக்கி எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடினால் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்திட்ட வரைபடத்தைக் கேளுங்கள். மேல்வீட்டுக் கதவுகள் சமீபமாகப் பிடிக்கின்றனவா என்று மேல்வீட்டாரிடமும் விசாரிக்கலாம். பாரம் தாங்கும் சுவர் பொதுச் சொத்து. சங்கம் எழுத்தில் அனுமதித்திருக்க வேண்டும்.

நம் சமையலுக்காக ஒரு பத்தி. அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கி உண்மையில் வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டடங்களில் பல புகைபோக்கிகள் கரி வடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்ப முகத்துக்கே ஊதும். கடுகு தாளித்த வாசமும் மிளகாய் நெடியும் பொதுப் படிக்கட்டு வரை போகும். முதல் மாதத்திலேயே பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல். ஓட விட்டு, வெளிச்சுவரில் தகட்டு மூடி திறக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால், வாங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுவதற்கு முன் சங்கத்திடம் கேளுங்கள். வெளிச்சுவரில் ஓட்டை போட அவர்கள் அனுமதியும் நகர அனுமதியும் வேண்டும். வீட்டுக்குள்ளேயே சாதாரணப் புகைக்குழாயுள்ள கேஸ் வெந்நீர்த் தொட்டி இருந்தால், நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் இழுக்கும் புகைபோக்கி அதன் புகையை உள்ளே இழுத்துவிடக்கூடும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து அது. படுக்கையறை ஒவ்வொன்றிலிருந்தும் 15 அடிக்குள் அதற்கான அலாரம் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

சூடாக்கும் முறை இரண்டில் ஒன்றாக இருக்கும். அடித்தளத்தில் பொதுப் பாய்லர், வீட்டில் ரேடியேட்டர். அல்லது காண்டோவாக மாற்றியபோது வீட்டுக்கு வீடு வைத்த தனிக் காற்றுச் சூளை. தனிச் சூளை என்றால் எண் பலகையில் வயதைப் பாருங்கள். 15 முதல் 20 ஆண்டில் மாற்ற வேண்டி வரும். ரேடியேட்டர் என்றால் எத்தனை குழாய் வருகிறது என்று பாருங்கள். ஒரே குழாய் என்றால் நீராவி மேலேறுவதும் குளிர்ந்த நீர் கீழிறங்குவதும் அதே வழியாகத்தான். அதன் வால்வு முழுசாகத் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுசாக மூடியிருக்க வேண்டும். சூட்டைக் குறைக்கப் பாதி திறந்து வைத்தால் நீர் உள்ளே சிக்கி, சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும். ரேடியேட்டர் வால்வுப் பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மறுபக்கக் காலின் கீழ் ஒரு மரத்துண்டைச் செருகினால் பல வருடத் தொல்லை நின்றுவிடும். பாய்லர் அறைக்குள் போக அனுமதி கேளுங்கள். நீராவியின் அழுத்தம் 2 பிஎஸ்ஐக்குள் இருந்தாலே இத்தகைய கட்டடத்துக்குப் போதும். ஒரு வீடு குளிர்கிறது என்று அழுத்தத்தைக் கூட்டி வைத்திருந்தால் கேஸ் பில் ஏறும், காற்று வால்வுகள் கெடும், அந்த வீடு அப்போதும் குளிரும். குழாய்களின் மேல் வெள்ளையாக, அட்டை போன்ற உறை இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கிழியாமல் இருக்கும்வரை தொடாமல் விடுவதே நல்லது.

ஓசை. தளங்கள் மரம், கான்கிரீட் அல்ல. கம்பளத்தை எடுத்துத் தரையைப் பளபளப்பாக்கிய வீட்டில் மேல்வீட்டுக் காலடி ஒவ்வொன்றும் கேட்கும். ஞாயிறு மதியம் பார்த்துவிட்டு வராமல், ஒரு வாரநாள் மாலை 7 மணிக்கு இன்னொரு முறை போங்கள். உங்கள் கிரைண்டரும் மிக்ஸியும் கீழ்வீட்டாருக்குக் கேட்கும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் ஓரளவு குறையும்.

1978க்கு முந்தைய வீடு என்பதால் ஈயச் சாயம் பற்றிய அறிவிப்பை விற்பவர் தர வேண்டும். அதைப் பரிசோதிக்க 10 நாள் வரை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மேலும் கீழும் நகரும் பழைய மரச் ஜன்னல்களின் உரசலில்தான் தூசி அதிகம் வரும். ஜன்னல் அடிப்பலகை குழந்தை எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காகிதங்கள்: இங்கேதான் முடிவு

இல்லினாய் காண்டோ சட்டத்தின் 22.1 பிரிவின்படி, மறுவிற்பனையில் சில ஆவணங்களைப் பார்க்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. 'ட்வென்டிடூ பாயிண்ட் ஒன்' என்றாலே வழக்கறிஞருக்குப் புரியும். டிக்ளரேஷனும் (கட்டடத்தைக் காண்டோவாகப் பதிந்த மூல ஆவணம்) விதிகளும், விற்பவர் சங்கத்துக்குப் பாக்கி வைத்திருக்கும் கட்டணம், நடப்பு ஆண்டிலும் அடுத்த இரண்டு நிதியாண்டுகளிலும் எதிர்பார்க்கப்படும் பெரிய செலவுகள், சேமிப்பு நிதியின் நிலை, கடந்த ஆண்டுக் கணக்கு, நிலுவையிலுள்ள வழக்குகள், காப்பீட்டு விவரம் ஆகியவை அதில் வரும்.

கணக்கை இப்படிப் படியுங்கள். ஆறு வீடுகள், வீட்டுக்குச் சங்கக் கட்டணம் மாதம் 400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 28,800. காப்பீடு, தண்ணீர், பனி அள்ளுதல், பொது விளக்கு, பாய்லர் இருந்தால் கேஸ், எல்லாம் இதிலிருந்து போகும். பத்து சதவீதம் சேமித்தால் ஆண்டுக்கு 2,880. பத்து ஆண்டு விடாமல் சேர்த்தாலும் 28,800தான். கூரையும் போர்ச்சும் லிண்டல்களும் அதற்குள் அடங்காது. மீதியை 'ஸ்பெஷல் அசெஸ்மென்ட்' என்ற பெயரில் பங்கு பிரித்துக் கேட்பார்கள். 60,000 டாலர் கூரை வேலையில் ஆறிலொரு பங்குக்காரர் 10,000 தர வேண்டும். ஆகவே மாதக் கட்டணம் பக்கத்துக் கட்டடங்களைவிடக் குறைவாக இருந்தால், சேமிப்பு எவ்வளவு என்பதே உங்கள் அடுத்த கேள்வி. சிறிய கட்டடத்தில் ஒருவர் கட்டணம் கட்டாமல் நின்றாலே வருமானத்தில் ஆறிலொன்று போய்விடும். வங்கியும் இதைக் கவனிக்கும்.

22.1இல் வராத ஒன்றையும் கேளுங்கள்: கடந்த இரண்டு, மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள். 'இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடலாம்' என்ற வரி போர்ச்சைப் பற்றியா, பூச்செடியைப் பற்றியா என்பது அங்கேதான் தெரியும். ஆறு பேரே நிர்வகிக்கும் கட்டடத்தில் குறிப்பே எழுதுவதில்லை என்றால், கருவூலப் பொறுப்பில் இருப்பவரோடு அரைமணி நேரம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

டிக்ளரேஷனில் வாடகைக்கு விடத் தடை உண்டா, ஜன்னல் மாற்றும் செலவு யாருடையது, பார்க்கிங்கும் அடித்தளச் சேமிப்பறையும் பத்திரத்தில் உங்கள் பெயருக்கு வருகிறதா அல்லது வெறும் வழக்கமா என்று தேடுங்கள். முழுக் கட்டடத்தையும் ஒரே முதலீட்டாளருக்கு விற்று மீண்டும் வாடகை வீடாக்குவதும் இங்கே நடக்கிறது. அதற்குச் சிகாகோவில் 85 சதவீத ஒப்புதல் வேண்டும் என்று நகரசபை 2019இல் உயர்த்தியது. ஒரே ஆள் பல வீடுகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டு வருகிறாரா என்று விசாரிப்பது நல்லது.

நகரக் கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியை இட்டால் வழங்கப்பட்ட அனுமதிகளும் மீறல் குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கும். குளியலறை கூடுதலாக வந்திருக்கிறது, சுவர் போயிருக்கிறது, ஆனால் அனுமதி எதுவும் இல்லை என்றால், அந்த வேலையின் பொறுப்பு வாங்கிய நாளிலிருந்து உங்களுடையது. விலையைக் குறைக்கச் சொல்வதைவிட, விற்பவரே அனுமதி எடுத்துப் பரிசோதனையை முடித்துத் தரவேண்டும் என்று கேட்பதே எங்கள் ஆலோசனை.

ஆஃபரிலிருந்து சாவி வரை

இங்கே வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் இருப்பது வழக்கம். வழக்கமான ஒப்பந்தப் படிவங்களில் கையெழுத்தானதிலிருந்து 5 வேலைநாள் அவகாசம் உண்டு. வழக்கறிஞர் திருத்தம் கேட்பதும் வீட்டுப் பரிசோதனையும் அதற்குள் நடக்க வேண்டும். ஆஃபர் போடும் முன்பே உங்கள் வழக்கறிஞர், பரிசோதகர் இருவரின் பெயரையும் முடிவு செய்து வைத்திருங்கள். பரிசோதகரை அமர்த்தும்போது கூரை, அடித்தளம், பாய்லர் அறை, போர்ச் நான்கையும் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். 'காண்டோ என்பதால் உள்ளே மட்டும்' என்று சொல்கிறவர் இந்த வீட்டுக்கு ஏற்றவர் அல்ல.

வரி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். சிகாகோ அடங்கிய குக் கவுண்டியில் சொத்து வரி ஓராண்டு பின்தங்கியே கட்டப்படுகிறது. முதல் தவணை சென்ற ஆண்டு மொத்த வரியில் 55 சதவீதம். உண்மையான ஏற்றம் இரண்டாவது தவணையில்தான் தெரியும். விற்பவர் குடியிருந்த காலத்துக்கான வரியை உங்களுக்கு வரவாகத் தர வேண்டும். கடைசி பில்லில் எத்தனை சதவீதம் என்பது பேரம். பழைய பில்லில் மூத்தோர் விலக்கு இருந்தால் தொகை குறைவாகத் தெரியும். நீங்கள் வாங்கியதும் அது போய்விடும். விலக்கு இல்லாமல் வரி எவ்வளவு என்று கணக்கிட்டு மாதத் தவணையைத் திட்டமிடுங்கள். சிகாகோ நகரச் சொத்துகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யப்படுகின்றன. 2024இல் நடந்தது, அடுத்தது 2027.

பத்திர மாற்று வரியில் நகரத்தின் பெரும்பங்கு வாங்குபவர் தலையில்: ஒவ்வொரு 500 டாலருக்கும் 3.75 டாலர். 4,00,000 டாலர் வீட்டுக்கு 3,000 டாலர். நகரத்தின் மீதி 1.50ம் மாநில, கவுண்டி வரிகளும் வழக்கமாக விற்பவர் பொறுப்பு. முன்பணத்தைச் சேர்த்து வைக்கும்போது இந்த 3,000ஐ மறந்துவிடாதீர்கள்.

சங்கத்தின் காப்பீடு கட்டடத்துக்கு. உள்ளே இருக்கும் பொருள்களுக்கும், புதுப்பித்த சமையலறை போன்ற மேம்பாடுகளுக்கும் நீங்கள் தனியாக எடுக்க வேண்டும். அதில் 'லாஸ் அசெஸ்மென்ட்' (சங்கத்தின் இழப்பில் உங்கள் தலையில் விழும் பங்கு), 'சாக்கடைத் திரும்பல்' இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஆண்டுக்குச் சிறு தொகைதான் கூடும்.

கடைசிச் சுற்றுப் பார்வைக்கு, கையெழுத்துக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் போங்கள். வீடு காலியாக இருக்கும். கம்பளத்துக்கும் சோபாவுக்கும் கீழே மறைந்திருந்த தரை அன்றுதான் தெரியும். எல்லா ரேடியேட்டரும், எல்லாக் குழாயும், எல்லா அடுப்பு பர்னரும் இயங்குகின்றனவா பாருங்கள். கோடையானாலும் சூட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்கதவு, சேமிப்பறை, தபால்பெட்டி, போர்ச் கேட் சாவிகளை எண்ணி வாங்குங்கள்.

சாவி கைக்கு வந்ததும் காருக்கு நகர ஸ்டிக்கர் வாங்குங்கள். உங்கள் தெருவில் காரை நிறுத்த மண்டல அனுமதி தேவையென்றால் அதையும் சேர்த்து. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை குறிப்பிட்ட சில பிரதான சாலைகளில் அதிகாலை 3 முதல் 7 வரை, பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும், காரை நிறுத்தினால் இழுத்துப் போவார்கள். அடுத்த ஜனவரி 1 அன்று அந்த வீட்டில் குடியிருந்தால் குடியிருப்போர் வரிவிலக்குக்கு விண்ணப்பியுங்கள். அக்டோபர் கடைசியில், இலைகள் பாதி உதிர்ந்திருக்கும்போது, கூரை வடிகாலைச் சுத்தம் செய்ய யார் ஏறுகிறார்கள் என்று சங்கத்திடம் கேளுங்கள். யாரும் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் முதலில் எழுப்ப வேண்டிய விஷயம் அதுதான்.